மூணாவது நிக்கல

"மூணாவது நிக்கல, சூசை."
பெயரோடு சேர்த்து மூன்றே சொல்.
சிகப்பி ஆச்சி வங்கியில் காசாளர்,
எதையும் எண்ணித்தான் தருவார்.

அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபியட்.
பிறக்கும்போது கியர் ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்தது.
எண்பத்தாறில் சாத்தப்பன்
கோயம்புத்தூரில் ஒரு தரைக்கியர் செட் வாங்கிவந்து
தகரத்தை வெட்டி நட்டுவிட்டார்.
காரில் பதினோரு புள்ளிக்குப் பங்கு,
கியரில் அவருக்கு மட்டும்.
இதை இன்றைக்கும் பெங்களூரிலிருந்து
ஃபோன் போட்டுச் சொல்கிறார்.

தடியைப் பிடித்து ஆட்டினேன்.
கூழில் விட்ட அகப்பை.
இரண்டாவது எங்கோ முழங்கால் பக்கம் கிடைக்கிறது.
மூன்றாவது விழுகிறது, விழுந்து
ஆக்ஸிலேட்டரில் கால் தளர்ந்ததும்
மோர் வருமுன்னே பந்தியில் எழும் ஆள் மாதிரி
வெளியே வந்து நிற்கிறது.

புதுவயலில் என் பட்டறைக்கு எதிரே அரைவை மில்.
அது ஓடும் நேரம் ஸ்பானர் மேலெல்லாம் தவிடு.
ஒழுகிய கியர் ஆயிலின் மேல்
அதே தவிட்டை அள்ளிக் கொட்டுவேன்.
மில்காரர் கணக்கு கேட்டதில்லை.

ரப்பர் உறையை உருவினால் உள்ளே
புஷ் இருக்க வேண்டிய இடத்தில்
செருப்பு வாரின் துண்டு, நீலம்.
வாஷருக்குப் பதில் துளை போட்ட பத்துப் பைசா.
பிராக்கெட்டில் வெல்டிங் விட்டு
மயிரிழையாய் ஒரு கோடு,
தடியை அசைத்தால் வாய் திறந்து மூடுகிறது.
"எந்தப் பாவி பார்த்த வேலை இது?" என்றேன்.
தேவகோட்டைக்காரன் ஒருவனைச் சந்தேகித்தேன்.
அவன் அப்பனையும் சும்மா விடவில்லை.
ஆச்சி ஸ்டூலில் உட்கார்ந்து
கேட்டும் கேட்காத மாதிரி செய்தி படித்தார்.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.
துருவுக்கு அடியில் செதில் செதிலாய் வெல்டிங்.
வலமிருந்து இடம்.
முடிக்கும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி.
இந்தச் சுற்று வட்டாரத்தில்
இடக்கையால் வெல்டிங் பிடிப்பவன்
ஒருவன்தான்.

கொஞ்ச நேரம் காருக்கு அடியிலேயே கிடந்தேன்.
கண்மாய் உடைந்த வருஷம். மழை. கரண்டு இல்லை.
ஏதோ கல்யாணத்துக்கு அவசரம் என்றார்கள்,
"நாளைக்கு ஒருநாள் ஓடினா போதும்"
என்று யாரோ சொன்னார்கள்.
செருப்பு என்னுடையதுதான்.
ஒருநாளுக்கு என்று வைத்தது
பத்தொன்பது வருஷம் மிதிபட்டிருக்கிறது.

"என்ன சூசை, சத்தத்தைக் காணோம்?"
"வெல்டிங் பாக்குறேன் ஆச்சி."

ராவுத்தர் லேத்தில் நைலான் கட்டையைக் கடைந்து
இரண்டு புஷ். ஒரு நூல் இறுக்கமாகவே கேட்டேன்,
தேய்ந்து அதுவாகப் பொருந்தட்டும்.
விரிசலை அரைத்து, முக்குத் தகடு கொடுத்து
மறுபடி பிடித்தேன், இந்தமுறை அவசரமில்லாமல்.
நெம்புகோல்களின் துளைகள் ஒரே நேரில் வர
நியூட்ரலில் ஒரு ஆணியைச் செருகி
ராடை இரண்டு மரை உள்ளே தள்ளிப் பூட்டினேன்.

நடுவில் சாத்தப்பன் ஃபோன்.
ஸ்பீக்கரில் அவர் குரல்:
"என் கியரை நான்தான் சரி பண்ணணும்,
பொதுவில் எழுதக் கூடாது."
ஆச்சி சொன்னார்:
"அப்ப புஷ்ஷு உங்க கணக்கு.
புஷ்ஷ ஏத்தி வந்த வண்டி பொதுக்கணக்கு."
அந்தப் பக்கம் யோசிக்கும் சத்தம் கேட்டது.

பில்லில் புஷ் எழுதினேன், லேத் எழுதினேன்,
ஆயில் எழுதினேன்.
ஆச்சி விரலால் கீழே வரை போனார்.
"வெல்டிங் போடலையே?"
"அது பழைய பாக்கி ஆச்சி."
என்னைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார்.
"யாருக்கு?" என்று கேட்காமல்
பதினொன்றால் வகுக்கத் தொடங்கினார்.

கிளம்பினார். வாசலில் நின்று காதால் போனேன்.
ஒன்று. மில் தாண்டி இரண்டு.
ரயில்வே கேட் ஏற்றத்தில் மூன்று,
விழுந்த சத்தம் சுத்தமாக வந்தது.
அங்கே காலை எடுப்பார்,
தண்டவாளத்துக்கு எல்லோரும் எடுப்பார்கள்.

மில் பெல்ட் அந்த நேரம் பார்த்து ஓடத் தொடங்கியது.
தவிடு பறந்தது.
நீலத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
கேட் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன்.